இயர்போன் இணையவில்லையா? பழுது யாருடையது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத இயர்பட்டின் இணைப்பு அடிக்கடி அறுந்து போகிறது. விற்ற கடையில் கேட்டால், "உங்க போன்லதான் பிரச்சினை, போன் கம்பெனிகிட்ட காட்டுங்க" என்கிறார்கள். போன் சர்வீஸ் சென்டரிலோ, "போன் நல்லாத்தான் இருக்கு, இயர்பட்தான் சரியில்ல" என்று திருப்பி அனுப்புகிறார்கள். இப்படி அலைந்து சலித்த பலர், பொருளை மேசை டிராயரில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறார்கள். நஷ்டம் முழுவதும் வாங்கியவர் தலையில்.

இது பாட்டுக் கேட்பவர்களின் பிரச்சினை மட்டும் அல்ல. காது கேட்கும் கருவி, ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சார் எனப் பலவும் இன்று புளூடூத் வழியாகத்தான் போனோடு இணைகின்றன. அந்த இணைப்பு அறுந்தால், ஒரு முதியவருக்குப் பேரனின் குரல் கேட்காமல் போகலாம்; ஒரு சர்க்கரை நோயாளிக்கு எச்சரிக்கை வராமல் போகலாம்.

பழுது எங்கே இருக்கிறது என்று முறையாகப் பிரித்துப் பார்ப்பது யாருக்கும் முடிகிற காரியம். அப்படிப் பார்த்தாலே பல கோளாறுகள் வீட்டிலேயே சரியாகிவிடும். சரியாகாதபோது, நீங்கள் செய்த அதே சோதனை உங்கள் புகாருக்கு ஆதாரமாகும்.

முதலில் மாற்றிப் பாருங்கள்

எந்த செட்டிங்ஸையும் தொடுவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். உங்கள் இயர்பட்டை வீட்டில் வேறொருவரின் போனில் இணைத்து அரை மணி நேரம் கேளுங்கள். பிறகு, நன்றாக வேலை செய்யும் வேறொரு ஹெட்செட்டை உங்கள் போனில் இணைத்து அதே அளவு நேரம் கேளுங்கள்.

இயர்பட் எந்தப் போனிலும் நிற்கவில்லை என்றால் பழுது பெரும்பாலும் இயர்பட்டில்தான். உங்கள் போனில் எந்த ஹெட்செட்டும் நிற்கவில்லை என்றால் போனைத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் மற்றவற்றோடு நன்றாக இயங்கி, ஒன்றோடொன்று சேரும்போது மட்டும் தகராறு செய்தால், அது செட்டிங்ஸ், மென்பொருள் அல்லது பொருத்தம் சார்ந்த சிக்கல். சோதனை நடக்கும்போதே இன்னொரு போனில் வீடியோ எடுத்துவையுங்கள். தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் "போன்லதான் பிரச்சினை" என்று சொல்லும்போது காட்டுவதற்கு உங்கள் கையில் ஒன்று இருக்கும்.

இணைப்பு ஏன் அறுகிறது?

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடப்பட்ட அலைவரிசை அது. வீட்டு வைஃபையும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அதே இடத்தில்தான் விழுகிறது. இந்த நெரிசலைச் சமாளிக்க, வழக்கமான புளூடூத் 79 தடங்களுக்குள் விநாடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே இருக்கும். அப்படியும் நெரிசல் மிகுந்த இடத்தில் ஒலி விட்டுவிட்டு வரலாம். மனித உடலில் உள்ள நீரும் இந்த அலைகளை உறிஞ்சும். போன் பேண்ட்டின் பின் பாக்கெட்டில் இருக்கும்போது தடுமாறுகிற ஒலி, கையில் எடுத்ததும் சீராவது அதனால்தான்.

இன்னொரு முக்கியக் காரணம் சாவி. முதல் முறை 'பேர்' செய்யும்போது போனும் கருவியும் ஒரு ரகசிய எண்சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்கின்றன. கருவியை ரீசெட் செய்வதால் ஒரு பக்கத்தில் சாவி அழிந்துவிட்டால், மறுபக்கம் பழைய சாவியையே நீட்டிக்கொண்டிருக்கும். பட்டியலில் பெயர் தெரியும், தொட்டால் இணையாது.

வீட்டிலேயே செய்ய வேண்டியவை

எளியதிலிருந்து தொடங்கி வரிசையாகச் செல்லுங்கள். ஒவ்வொரு படி முடிந்ததும் சோதித்துப் பாருங்கள்.

1. சார்ஜையும் சுத்தத்தையும் பாருங்கள். ஒரு பக்க இயர்பட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், கேஸுக்குள் இருக்கும் சிறிய உலோகப் புள்ளிகளில் வியர்வையும் அழுக்கும் படிந்து சார்ஜ் ஏறாமல் இருக்கலாம். உலர்ந்த மென்மையான துணியால் துடையுங்கள். தண்ணீரோ ஊசியோ வேண்டாம்.

2. வேறு கருவியோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய போன், லேப்டாப், டிவி, கார் என முன்பு இணைத்த எதுவும் முந்திக்கொண்டு பிடித்திருக்கலாம். அவற்றில் புளூடூத்தை அணைத்துவிட்டு முயலுங்கள்.

3. புளூடூத்தை அணைத்துப் போடுங்கள். போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஐபோனில் கண்ட்ரோல் சென்டரில் புளூடூத்தைத் தொட்டால் அது முழுதாக அணைவதில்லை. கருவிகளின் இணைப்பு மறுநாள் வரை துண்டிக்கப்படுகிறது, அவ்வளவுதான். முழுதாக அணைக்கவும் போடவும் செட்டிங்ஸுக்குள் போக வேண்டும்.

4. இரு பக்கமும் சாவியை அழித்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். போனின் புளூடூத் பட்டியலில் கருவியின் பெயருக்கு அருகில் உள்ள குறியைத் தொட்டு 'ஃபர்கெட்' கொடுங்கள். கருவியையும் அதன் கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழிப்பதுதான் பலர் தடுக்கி விழும் இடம்.

5. இணைந்தும் ஒலி வரவில்லை என்றால், அந்தக் கருவிக்கான பக்கத்தில் 'கால்ஸ்', 'மீடியா' என்ற இரண்டு சுவிட்சுகளும் ஆன் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் இவை தனித்தனியாக இருக்கும்.

6. ஸ்மார்ட்வாட்ச், சென்சார் போன்றவற்றுக்குத் தனிச் செயலி உண்டு. பேட்டரியைச் சேமிக்க போன் அந்தச் செயலியைப் பின்னணியில் நிறுத்திவிட்டால் இணைப்பும் போய்விடும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற அனுமதியும் தேவை. அதைவிடப் பழைய போன்களில் கருவியைத் தேட லொகேஷன் அனுமதி கேட்கும்.

7. போனின் மென்பொருளையும், செயலி வழியாகக் கருவியின் மென்பொருளையும் அப்டேட் செய்யுங்கள்.

8. கடைசியாக 'நெட்வொர்க் ரீசெட்'. இதில் படங்களோ தொடர்பு எண்களோ அழியாது. ஆனால் சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் இணைத்த புளூடூத் கருவிகளும் நீங்கிவிடும். கடவுச்சொற்களை முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 'ஃபேக்டரி ரீசெட்' என்பது வேறு. அது போனில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடும். ஓர் இயர்பட்டுக்காக யாராவது அதைச் செய்யச் சொன்னால், அனைத்தையும் பேக்கப் எடுக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டியது

சில சிக்கல்களை எந்த ரீசெட்டும் தீர்க்காது. காது கேட்கும் கருவிகளில் இது அதிகம். போனில் புளூடூத் இருக்கிறது, கருவியிலும் புளூடூத் இருக்கிறது என்பது மட்டும் போதாது. ஐபோனுக்கென ஒரு முறை, ஆண்ட்ராய்டு 10 முதல் வந்த ஆஷா என்ற முறை, புதிதாகப் பரவிவரும் எல்இ ஆடியோ என்று தனித்தனி வழிகள் இருக்கின்றன. கருவியும் போனும் ஒரே முறையை ஆதரித்தால்தான் அழைப்பின் ஒலி நேராகக் காதுக்கு வரும். விலை உயர்ந்த பொருள் இது. ஆகவே, பெற்றோருக்கு வாங்கும்போது அவர்கள் பயன்படுத்தும் போனையே கையோடு எடுத்துச் சென்று, கடையிலேயே இணைத்து, ஓர் அழைப்பு பேசிப் பாருங்கள். "இந்த மாடல் போனுடன் இயங்கும்" என்று பில்லிலேயே எழுதிக் கேளுங்கள். பிற்பாடு தகராறு வந்தால் அந்த ஒரு வரி பெரிய பலம்.

புளூடூத் ஸ்பீக்கர், வயர்லெஸ் ஹெட்போன், இயர்போன் ஆகியவை இந்தியாவில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) கட்டாயப் பதிவின் கீழ் வருபவை. பெட்டியிலோ பொருளிலோ அதற்கான பதிவு எண் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் அது உண்மையா என்று தெரிந்துவிடும். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச விலையும், நுகர்வோர் தொடர்பு விவரமும் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாத பொருள் மலிவாகக் கிடைத்தாலும், பழுதானால் யாரிடம் போய்க் கேட்பது?

ஆபத்துகள் எங்கே?

பெரிய ஆபத்து கருவியில் இல்லை, அதைச் சரிசெய்ய நாம் தேடும் இடத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் 'கஸ்டமர் கேர்' எண்ணை இணையத்தில் தேடும்போது, மோசடிக்காரர்கள் பதித்துவைத்த போலி எண்கள் கண்ணில் படலாம். எதிர்முனையில் பேசுபவர் அன்பாகப் பேசி, "ஒரு செயலியை இறக்குங்க, நானே சரி பண்ணித் தர்றேன்" என்பார். அந்தச் செயலி உங்கள் திரையை அவருக்குக் காட்டும்; வங்கியிலிருந்து வரும் ஓடிபியும் அதில் தெரியும். புளூடூத் பழுதைச் சரிசெய்ய யாருக்கும் ஓடிபி தேவையில்லை, யுபிஐ பின் தேவையில்லை. தொடர்பு எண்ணைப் பெட்டியிலோ, கையேட்டிலோ, நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ மட்டும் பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

இணைப்பிலும் கவனம் வேண்டும். நீங்கள் கேட்காமல் திரையில் தோன்றும் இணைப்புக் கோரிக்கையை ஏற்காதீர்கள். 2017இல் 'புளூபார்ன்' என்ற பெயரில் வெளியான புளூடூத் குறைபாடுகள், உரிமையாளர் எதையும் தொடாமலேயே போனுக்குள் நுழைய வழிவிட்டன. அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு அதைவிட வேறு காரணம் தேவையில்லை. வாடகைக் காரிலோ விற்கப்போகும் காரிலோ உங்கள் போனை இணைத்திருந்தால், அதன் திரையில் உங்கள் போனின் பெயரை நீக்கிவிட்டு இறங்குங்கள். தொடர்பு எண்கள் அதில் பதிந்திருக்கக்கூடும். உப்பிய, சூடேறும் கேஸை மறுபடி சார்ஜில் போடாதீர்கள். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி.

சட்டம் என்ன தருகிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பில் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதில் அடங்கும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை. பேட்டரி வெடித்துக் காயமோ சேதமோ ஏற்பட்டால், பொருள் பொறுப்பு என்ற தனி அத்தியாயத்தின் கீழ் தயாரிப்பாளரிடமும் சில சூழல்களில் விற்பனையாளரிடமும் இழப்பீடு கேட்கலாம்.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் துணை நிற்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்ய வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். 'ஏழு நாள் ரிட்டர்ன்' முடிந்துவிட்டது என்றால் அதோடு வாரண்டியும் முடிந்துவிட்டதாகப் பொருள் இல்லை. வாரண்டி இருக்கும்வரை வெளி மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரிக்காதீர்கள். வாரண்டியை மறுக்க அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

புகார் செய்யும் முறை

நேரில் பேசுவதோடு நிற்காமல் எழுத்தில் கொடுங்கள். விற்பனையாளருக்கும் நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்ட முடியாது. பில், பெட்டியின் படம், சோதனை வீடியோ, எந்தெந்தப் படிகளைச் செய்தீர்கள் என்ற விவரம் ஆகியவற்றை இணையுங்கள். சர்வீஸ் சென்டரில் பொருளைக் கொடுக்கும்போது ஜாப் ஷீட் வாங்காமல் வராதீர்கள். அதில் நீங்கள் சொன்ன குறை அப்படியே எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

பதில் வரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், இணையவழியிலும் செய்யலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. பழுது உண்மையா என்று பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. குறையை நீக்கித் தரவும், புதிய பொருள் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், அலைச்சலுக்கு இழப்பீடு தரவும் அது உத்தரவிடலாம்.

ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றும். இப்படி ஒவ்வொருவரும் விட்டுக்கொடுக்கும் ஆயிரம்தான், தரமில்லாத பொருளைத் தயங்காமல் விற்க ஒருவருக்குத் துணிச்சல் தருகிறது. நீங்கள் அனுப்பும் ஒரு மின்னஞ்சல், அடுத்து அதே கவுண்டருக்கு வருபவரின் சொல்லுக்கும் எடை சேர்க்கும். வீட்டில் பெரியவர் யாராவது கருவி இணையாமல் தவித்தால், "உங்களுக்குப் பயன்படுத்தத் தெரியல" என்று சொல்லிவிடாதீர்கள். அருகில் உட்கார்ந்து அந்த இரண்டு சோதனைகளையும் செய்து பாருங்கள். பில்லைத் தேடி எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். பழுது பொருளில்தான் என்று தெரிந்தால் அவருக்காக நீங்களே புகாரை எழுதுங்கள்.