வேலியே பயிரை மேய்ந்தால்...

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

“உடம்பிலே ரத்தம் இல்லை, முருங்கைக்கீரை ஆக்கிக் கொடு, ஒரு டானிக் வாங்கிக் கொடு.” வெளுத்த முகத்தைக் கண்டால் எங்கள் கன்னிவாடிப் பக்கம் சொல்லப்படும் முதல் வைத்தியம் இதுதான். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகைக்கு இது பொருந்தும். ஆனால் எவ்வளவு இரும்பு கொடுத்தாலும் தீராத சோகை ஒன்று உண்டு. அதன் பெயர் ‘ஏபிளாஸ்டிக் அனீமியா’. அரிய நோய்தான், எனினும் மேலை நாடுகளைவிட ஆசிய நாடுகளில் இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது.

இரத்தம் பிறக்கும் இடம் எலும்பு மஜ்ஜை. அங்குள்ள மூல அணுக்களே சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய மூன்றையும் ஈனுகின்றன. கிருமிகளை எதிர்க்க வேண்டிய ‘டி’ லிம்போசைட்டுகள் சிலருக்கு இந்த மூல அணுக்களையே பகையெனக் கருதி அழிக்கின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்! மஜ்ஜை இருந்த இடத்தில் கொழுப்பே மிஞ்சுகிறது.

இந்நோயை 1888-இல் முதன்முதலில் விவரித்தவர் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக். காரணத்தின் தடயம் கிடைக்கவோ எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிரெஞ்சு மருத்துவர் ஜார்ஜ் மாத்தே, பிறர் மஜ்ஜையை ஏற்றுமுன் நோயாளிகளுக்கு லிம்போசைட்டுகளை அடக்கும் மருந்தைக் கொடுத்தார். ஏற்றிய மஜ்ஜை நிலைக்கவில்லை. ஆனால் சிலருக்குச் சொந்த மஜ்ஜையே மீண்டும் தளிர்த்தது! இதை அவர் 1970-இல் வெளியிட்டார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் தெருவில் உள்ளவர்கள் இரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டி, “என்ன போட்டிருக்கு?” என்று கேட்பதுண்டு. வைத்தியம் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஒன்றைப் பார்க்கச் சொல்வேன்: குறைந்திருப்பது ஹீமோகுளோபின் மட்டுமா, மூவகை அணுக்களுமா? சிவப்பணு குறைந்தால் களைப்பு. வெள்ளையணு குறைந்தால் விடாத காய்ச்சல். தட்டணு குறைந்தால் ஈறில் கசிவு, தோலில் சிவப்புப் புள்ளிகள். மூன்றும் குறைந்திருந்தால் டானிக்கை நம்பி நாள் கடத்தலாகாது.

மூன்றும் குறைந்தாலே இந்நோய் என்றும் சொல்லிவிட முடியாது. வைட்டமின் பி-12 குறைவும் இரத்தப் புற்றுநோயும் இப்படித் தோன்றலாம். ஆகவே இடுப்பெலும்பில் ஊசி செலுத்தி மஜ்ஜையை எடுத்துச் சோதிக்கிறார்கள். இளையோருக்குப் பரம்பரையாக வரும் ‘ஃபான்கோனி’ சோகை உண்டா என்றும் பார்க்கிறார்கள். மஜ்ஜை வற்றியிருக்க, தட்டணுக்கள் 20,000-க்கும், நியூட்ரோஃபில்கள் 500-க்கும் கீழே இறங்கினால் நோய் கடுமையானது.

சிகிச்சை இருவகை. திசுப் பொருத்தமுள்ள உடன்பிறப்பு இருந்தால், இளையோருக்கு மஜ்ஜை மாற்றே முதல் வழி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இது 1986 முதல் நடைபெற்று வருகிறது. ஓர் உடன்பிறப்பு முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே.

பொருத்தம் இல்லாதவர்களுக்கு, வேலியை அடக்கும் மருந்துகள். பாம்புக்கடி மருந்தைப் போலவே ‘ஏ.டி.ஜி.’ என்பதும் குதிரையின் உடலில் உண்டாக்கப்படுவது. மனிதத் தைமஸ் அணுக்களைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் தோன்றும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். இதனுடன் பூஞ்சையிலிருந்து கிடைத்த சைக்ளோஸ்போரினும், மூல அணுக்களைத் தூண்டும் எல்ட்ராம்போபாக் மாத்திரையும் தருகிறார்கள். பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும்.

இறுதியாக, அன்பினால் நேரும் ஓர் இடையூறு. நோயாளிக்கு இரத்தம் தேவை என்றதும் தாயும் தம்பியும் முதலில் கை நீட்டுவார்கள். ஆனால் அவர்கள் இரத்தத்தை ஏற்றினால், நோயாளியின் உடல் அதற்கு எதிர்ப்பை வளர்த்துக்கொண்டு, பின்னர் அவர்கள் தரும் மஜ்ஜையைத் தள்ளிவிடக்கூடும். மஜ்ஜை மாற்றுக்கு வழியிருக்கும்வரை இரத்தம் வெளியாரிடமிருந்தே வர வேண்டும். அந்த வெளியார், நண்பர்களே, கல்லூரி இரத்ததான முகாமில் வரிசையில் நிற்கும் நாம்தான்.