சைக்கிளுக்கு 'ஸ்டிக்கர்' ஒட்டப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

கோணல் விழுந்தால் பெயிண்ட் பாழ்! நம்பரை மறைத்தால் வம்பு!!

சென்னை,

சைக்கிளுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. கறுப்பு 'பளபள' என்று மின்னுகிறது. புது மாப்பிள்ளை தோற்றான்!

கடைசியில் கம்பெனி பெயரை ஒட்டினார்கள். அங்கேதான் வந்தது வினை. ஒரு பக்கம் எழுத்து மேலே ஏறுகிறது. மறுபக்கம் கீழே இறங்குகிறது. நடுவில் வேர்க்குரு போட்ட மாதிரி காற்றுக் கொப்புளம்!

சைக்கிள் பெயிண்டிங் கடைகளில் அடிக்கடி நடக்கிற கூத்து இது. கைப்பழக்கம் இல்லாததால் மட்டும் இப்படி ஆவதில்லை. பாதிக்கு மேல் அவசரம்தான் காரணம்.

முதலில் நகல்

பழைய வண்டி என்றால், உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்பே வேலை ஆரம்பமாகிவிடுகிறது. தேய்த்த பிறகு பழைய எழுத்து திரும்பி வராது.

அரியானா மாநிலம் சோனிபட்டில் 1951-ல் தொடங்கிய 'அட்லஸ்' கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரப்பிரதேசம் ஷாகிபாபாத்தில் இருந்த அதன் கடைசி தொழிற்சாலை 2020 ஜூன் 3-ந்தேதி மூடப்பட்டது. அன்றைக்கு உலக சைக்கிள் தினம்! என்ன பொருத்தம் பாருங்கள்.

அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கிய கம்பெனி. அங்கே தயாரான ஹெர்குலிஸ், பிலிப்ஸ் வண்டிகள் பல வீடுகளில் அப்பா காலத்துச் சொத்தாக இன்னும் நிற்கின்றன. அந்தக் காலத்து எழுத்து வேண்டும் என்றால் கடையில் தொங்கும் ஸ்டிக்கரில் கிடைக்காது.

எனவே பழைய பெயர் மேல் மெல்லிய டிரேசிங் தாளை வைத்து அப்படியே வரைந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போட்டோவும் எடுக்க வேண்டும். மூட்டிலிருந்து எழுத்து எத்தனை அங்குலம் தள்ளி இருக்கிறது என்று குறித்து வைக்க வேண்டும். இது கையில் இருந்தால், நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் கம்ப்யூட்டரில் போட்டு அதே அளவில் வெட்டித் தருவார்கள்.

காய்ந்ததா?

தொட்டால் கையில் ஒட்டவில்லை என்றால் பெயிண்ட் காய்ந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். அதுதான் தப்பு. எனாமல் பெயிண்டுக்குள் இருக்கும் தின்னர் பல நாள் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதன் மேல் பிளாஸ்டிக் ஸ்டிக்கரைப் போட்டு மூடினால், ஆவி போக வழியில்லாமல் கொப்புளமாகக் கிளம்பும். ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். மழைக்காலம் என்றால் இன்னும் கூட.

ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப் பசை கூடாது. செயின் இருக்கும் வலது பக்கத்தில் இந்தத் தொல்லை அதிகம். சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் போதும். தின்னரைத் தொட்டால் பெயிண்டே கையோடு வந்துவிடும்!

நூல் பிடி!

குழாய் உருண்டை. கண் ஏமாற்றும். அதனால் குழாயின் இரண்டு முனையிலும் பக்கவாட்டில் நடு இடத்தைக் குறித்து, நூலை இழுத்துப் பிடித்து, அதன் ஓரமாக மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுகிறார்கள். அந்த டேப்தான் எழுத்துக்குத் தரை. மூட்டிலிருந்து எடுத்த அளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொரு சங்கதி. சாய்வுக் குழாயில் இடது பக்கத்து எழுத்து ஹேண்டில்பார் பக்கம் ஆரம்பித்து பெடலை நோக்கி இறங்கும். வலது பக்கத்தில் பெடல் பக்கம் ஆரம்பித்து மேலே ஏறும். இதை மறந்து ஒட்டிவிட்டு, தலைகீழாக நிற்கும் பெயரைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

தண்ணீர் ரகம், பிளாஸ்டிக் ரகம்

பழைய பாணி 'டிரான்ஸ்பர்' தண்ணீர் ரகம். வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஊறினால் படம் தாளை விட்டு வழுக்கும். உடனே உரித்து எடுத்தால் சுருண்டு கிழியும். தாளோடு குழாயில் வைத்து, படத்தை விரலால் பிடித்துக்கொண்டு தாளை மட்டும் உருவ வேண்டும். ஈரம் இருக்கும்வரை நகர்த்தலாம். பிறகு நனைந்த துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டும். ஒரு ராத்திரி காய்ந்த பின் மேலே வார்னிஷ். அதையும் முதலில் பனி மாதிரி லேசாகத் தூவ வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் படம் சுருங்கிவிடும்.

பிளாஸ்டிக் ரகத்தில் மூன்று அடுக்கு. அடியில் தாள், நடுவில் எழுத்து, மேலே டேப். குழாயில் சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டால் எழுத்து உடனே பிடிக்காது. சரிசெய்ய நேரம் கிடைக்கும். பழைய ஏ.டி.எம். கார்டில் துணி சுற்றி அழுத்தி, நீரை வெளியேற்ற வேண்டும். மேல் டேப்பை மடக்கிப் படுக்கவாட்டில் மெல்ல உரிக்க வேண்டும். எழுத்தும் கூடவே வந்தால் திரும்ப அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அப்படியும் கொப்புளம் வந்ததா? மெல்லிய ஊசியால் அதன் ஓரத்தில் ஒரு குத்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து. போச்சு!

நம்பர் ஜாக்கிரதை!

பிரேமில் ஒரு நம்பர் அடித்திருக்கும். சீட் கம்பி நுழையும் குழாய் மூட்டிலோ, பெடல் அச்சு சுழலும் உருளைக்கு அடியிலோ பார்க்கலாம். பெயிண்டைக் கெட்டியாக அடித்தால் நம்பர் அடைபட்டுப் போகும். அதன் மேல் ஸ்டிக்கரும் விழுந்தால் கேட்கவே வேண்டாம். வண்டி திருட்டுப் போனால் போலீசில் என்ன அடையாளம் சொல்வது? 'கறுப்பு சைக்கிள் சார்' என்றா?

சைக்கிளை 'அபேஸ்' செய்யும் ஆசாமிக்கும் பெயிண்டும் ஸ்டிக்கரும்தான் வேஷம். ராத்திரியோடு ராத்திரியாக நிறமும் பெயரும் மாறிவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஸ்டிக்கர் பளபளப்பைப் பார்த்து மயங்குகிறார்கள். பார்க்க வேண்டியது நம்பரை. அது அரத்தால் ராவப்பட்டிருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் கையைக் கட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்று வாங்கினால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. ஒரு கம்பெனி பிரேமில் இன்னொரு கம்பெனி பெயரை ஒட்டி, அசல் என்று விற்பது வேறு வழக்கு. 1999-ம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம் அதற்குக் காத்திருக்கிறது.

பெயிண்டுக்கு விடும் முன் நம்பரை பழைய ரசீதின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டச் சொல்ல வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு நாளைக்கு வண்டியைக் கழுவக் கூடாது. வெயிலிலும் நிறுத்தக் கூடாது.