அயலார் கண்ணில் ஐரோப்பா

ஒருவர் தம்மைப்பற்றிக் கொண்டிருக்கும் எண்ணம் ஒன்று. அயலார் அவரைப்பற்றிக் கொண்டிருக்கும் எண்ணம் மற்றொன்று. மனிதருக்குப் பொருந்தும் இவ்வுண்மை நாடுகளின் கூட்டத்திற்கும் பொருந்தும். இதற்குத் தக்க சான்று, 27 நாடுகள் அடங்கிய ஐரோப்பிய யூனியன்.

தன் செல்வாக்கு படைபலத்தால் வந்ததன்று, கொள்கைப் பலத்தால் வந்தது என்று அது கருதுகிறது. 2009-இல் அமலுக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கை மனித கண்ணியம், சுதந்திரம், ஜனநாயகம், சமத்துவம், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமைகள் ஆகியவற்றை அதன் அடிப்படைகளாக வகுத்துள்ளது. மரண தண்டனையை ஒழிக்காத நாடு அதில் சேர இயலாது. 2012-இல் அதற்கு நோபல் சமாதானப் பரிசும் கிடைத்தது.

வெளியே நிற்போருக்கு இக்கொள்கைகள் ஒரே விதமாகத் தோன்றுவதில்லை. உக்ரெயினுக்கு அவை நம்பிக்கையூட்டும் படிக்கட்டு. 2022 ஜூனில் அது வேட்பாளர் நாடாக ஏற்கப்பட்டது. 1987-இலேயே விண்ணப்பித்த துருக்கிக்கோ அவை திறவாத கதவு.

நமக்கு அண்மையில் உள்ள இலங்கையைப் பாருங்கள். மனித உரிமை உடன்படிக்கைகளைச் சரிவர நிறைவேற்றவில்லை என்று கூறி, அந்நாட்டுப் பொருள்களுக்கு அளித்த தனிச் சுங்கச் சலுகையை யூனியன் 2010 ஆகஸ்டில் நிறுத்தியது. 2017 மே மாதத்தில் மீண்டும் வழங்கியது. அந்த நிபந்தனைகளை அன்றைய இலங்கை அரசு தன் இறையாண்மையில் தலையிடுவதாகக் கண்டது. உரிமை கோரியவர்களுக்கோ அவை ஒரு துணை. ஆனால் சலுகையால் பெரிதும் பயனடைந்தது ஆடைத் தொழில். அதில் உழைப்போர் பெரும்பாலும் பெண்கள். அரசின் குறைக்கு விதித்த தண்டனையின் சுமை தொழிலாளி தலையிலும் விழக்கூடும் அல்லவா?

இந்தியாவின் ஐயம் வேறு வகையானது. இறக்குமதியாகும் இரும்பு, அலுமினியம், சிமெண்டு முதலியவற்றின் உற்பத்தியில் வெளிப்படும் கரியமில வாயுவைக் கணக்கிட்டுக் கட்டணம் விதிக்கும் ஏற்பாடு 2026 ஜனவரியில் தொடங்கியது. பூமியைக் காக்கும் கடமை என்கிறது யூனியன். வளரும் நாடுகளின் வாணிபத்திற்கு இடும் தடை என்கிறது இந்தியா.

எனினும் அயலார் குறை கூறுவது கொள்கைகளை அன்று. அவற்றை அளக்கும் கோலையே. 2016-இல் கிரேக்கத் தீவுகளுக்குக் கடல்வழி வந்த அகதிகளைத் துருக்கிக்குத் திருப்பியனுப்ப உடன்பாடு செய்த யூனியன், 2022-இல் உக்ரெயின் அகதிகளுக்கு உடனடிப் பாதுகாப்பளித்தது. பின்னது பாராட்டுக்குரியதே. ஆயினும், முன்னவர்க்கு ஏன் அந்த வாயில் திறக்கவில்லை என்ற வினா ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் எழுந்தது.

கொள்கையைப் பறைசாற்றுவது எளிது. வேண்டியவர், வேண்டாதவர் இருவருக்கும் ஒரே கோலால் அளக்கும்போதுதான் அது அயலாரிடம் மதிப்புப் பெறும்.