கேட்டு வாங்கிய காலம்

எங்கள் கடைக்குப் பாத்திரம் வாங்க வருகிறவர்கள் முதலில் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். ஓசை சரியாக இருந்தால்தான் விலை பேசுவார்கள். மும்பையில் 40 வருஷத்துக்கும் மேலாகப் பாத்திர வியாபாரம் செய்கிற எனக்கு இது தினப்படிக் காட்சி.

காதால் தேர்ந்து எடுப்பது நமக்குப் புதிதல்ல. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வந்த சீவகன், கொடுத்த யாழை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. இதன் மரம் நீரில் கிடந்தது, இது இடி விழுந்தது, இது தீயில் வெந்தது என்று ஒவ்வொன்றாகக் குற்றம் சொல்லித் தள்ளிவிட்டு, குற்றமில்லாத யாழையே கையில் எடுக்கிறான். திருத்தக்கதேவர் காட்டும் இந்தத் தேர்வு, நம் காலத்தில் இசைத்தட்டுக் கடைகளில் தினமும் நடந்தது. இன்றைய பிள்ளைகள் பலர் அப்படிப்பட்ட கடையைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தட்டு வந்த கதை

1902-ஆம் ஆண்டு இலண்டன் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் பாடியதைப் பதிவு செய்தார். அதிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் நம் நாட்டில் ஓடியது நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டு. அரக்கு கலந்து செய்தது. கை தவறினால் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிஷம்தான் இடம். கச்சேரியில் ஒரு மணி நேரம் விரியும் ராகத்தை வித்வான்கள் அந்த 3 நிமிஷத்துக்குள் பிழிந்து தந்தார்கள்.

1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் வினைல் தட்டைக் கொண்டுவந்தது. அதுதான் எல்.பி. ஒரு பக்கத்தில் 20 நிமிஷத்துக்கு மேல் கேட்கலாம். ஆலாபனைக்கு மூச்சு விட இடம் கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

ஆனால் தட்டைப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரியுமா? நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் பேர் இருக்கும், ராகம் இருக்கும், அவ்வளவுதான். எனவே கடைக்காரர் போட்டுக் காட்டியே ஆக வேண்டும். மும்பை காலாகோடாவில் 1940-களில் தொடங்கிய ரிதம் ஹவுஸ் கடையில், வாங்குகிறவர் கேட்டுப் பார்ப்பதற்கென்றே சிறு அறைகள் வைத்திருந்தார்கள். கேட்பதில் இரண்டு லாபம். பாட்டு பிடிக்கிறதா என்று தெரியும். தட்டில் கீறல் இருக்கிறதா, வளைவு இருக்கிறதா என்றும் தெரியும். மூன்றாவது லாபம் ஒன்று உண்டு. அது கேட்க வந்தவருக்கு மட்டுமல்ல, சும்மா நிற்கிறவருக்கும் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது அதுதான்.

மழைக்கு ஒதுங்கியவன்

1981 ஜூலை. வந்தவாசிப் பக்கத்திலிருந்து மாமாவின் பாத்திரக் கடைக்கு வேலைக்கு வந்த புதிது. எனக்கு 19 வயது. கோட்டைப் பகுதியில் ஒரு ஆபீஸுக்குப் பில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு இசைத்தட்டுக் கடை வாசலில் ஒதுங்கினேன். உள்ளே யாருக்காகவோ ஒரு தட்டு ஓடிக்கொண்டிருந்தது. வெண்கலக் கிண்ணங்களை யாரோ மெல்ல மெல்லத் தட்டுகிற மாதிரி ஓசை. அது என்ன வாத்தியம் என்று எனக்குத் தெரியாது. பின்னோடு புல்லாங்குழல் வந்து சேர்ந்தது. மழை விட்டது, நான் நகரவில்லை.

தட்டைக் கேட்டவர் வாங்காமல் போய்விட்டார். நான் அரைகுறை இந்தியில் "இது என்ன?" என்றேன். கடைப் பையன் முகம் சுளிக்காமல் ஊசியை மறுபடி முதலில் வைத்தான். அது 1967-இல் வெளிவந்த 'கால் ஆஃப் த வேலி'. சிவகுமார் சர்மாவின் சந்தூர், பிரிஜ்பூஷண் காப்ராவின் கிட்டார், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல். நான் கிண்ணம் என்று நினைத்தது காஷ்மீரத்துச் சந்தூர்; ஏறத்தாழ 100 தந்திகளை இரண்டு சிறு மரக்கோல்களால் தட்டி வாசிப்பது.

அந்த மாசம் அம்மாவுக்கு அனுப்ப வைத்திருந்த பணத்தில் கை வைத்தேன். தட்டோடு போன என்னைப் பார்த்து மாமா சொன்னார்: "பாடற பெட்டி இல்லாம தட்டை மட்டும் வாங்கிட்டு வந்திருக்கியேடா. அடுப்பில்லாதவன் அண்டா வாங்கின கதையா இருக்கு!" அவர் சொன்னது நியாயம். மூன்று வருஷம் அது என் டிரங்குப் பெட்டியில் துணிக்கு நடுவே கிடந்தது. 1984-இல் சோர் பஜாரில் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயர் கிடைத்த பிறகுதான் அதை இரண்டாம் தடவை கேட்டேன்.

அடுத்த வருஷம் அம்மா வந்திருந்தார். போட்டுக் காட்டினேன். குழல் வந்ததும், "நம்ம ஊர் ஆட்டுக்காரன் ஊதற மாதிரி இருக்கே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மணியார்டர் குறைஞ்சது இதுக்குத்தானா?" என்றார். தலையாட்டினேன். "சரி, திருப்பிப் போடு" என்றார்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தட்டின் பொருளே காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாள் பொழுதுதான். விடியற்காலத்து ஆஹிர் பைரவில் தொடங்கி பஹாடியில் முடிகிறது. நடுவில் வரும் பூப் ராகத்துக்கு நம் மோகனத்தின் அதே ஐந்து சுரங்கள். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் வரும் முல்லைத்தீம்பாணி மோகனமே என்பது இசை ஆய்வாளர் பலர் கருத்து. முல்லை ஆயர் நிலம். காஷ்மீரத்து இடையனுக்கும் நம் ஆயருக்கும் ஐந்து சுரம் பொதுவாக இருப்பதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளப் பல வருஷம் ஆயிற்று. அம்மா கேட்டே சொல்லிவிட்டார்.

போனதும் இருப்பதும்

பிறகு கேசட் வந்தது, சி.டி. வந்தது, கைபேசி வந்தது. ரிதம் ஹவுஸ் 2016-இல் மூடப்பட்டது. எங்கோ ஒலிக்கும் பாட்டைக் கைபேசியில் காட்டினால் அதன் பேரைச் சொல்லும் ஷசாம் 2002-இலேயே இங்கிலாந்தில் தொடங்கிவிட்டது. என் பேரன் அதைத்தான் பயன்படுத்துகிறான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பேர் தெரிவது வேறு. வாங்க வக்கில்லாதவன் என்று தெரிந்தும் ஒருவன் நமக்காக ஊசியைத் திருப்பி வைப்பது வேறு. வியாபாரியாக நான் அன்று கற்ற பாடம் அது. இன்றும் என் கடையில் தட்டிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவரை யாரும் கடிந்து பேசக் கூடாது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய தட்டுகள் இருந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வெயில் படாத இடத்தில், படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். 78 தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டாம், அரக்கு கரைந்துவிடும். துடைத்து வைத்த பிறகு, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். அவர்கள் காதுக்கு என்ன தெரியும் என்பது அப்போதுதான் நமக்குத் தெரியவரும்.