இரைப்பை அறுவைக்குப் பின் மலப்போக்கு

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் அறுவைச் சிகிச்சைக்குரிய கட்டுத்துணி நெய்யப்படுகிறது. அறுவைக்குப் பின் உடலில் நேர்வனவற்றையும் நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். உடற்பருமன் குறைய இரைப்பை அறுவை செய்துகொண்டோர் பலர், மலப்போக்கு மாறுவதைக் கூச்சத்தால் வெளியிற் சொல்வதில்லை.

மாற்றுவழி அறுவையில், உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் கடந்து விரைவாகக் குடலில் இறங்குகிறது. இனிப்பு மிகுந்திருப்பின், அது உடலின் நீரைக் குடலுக்குள் இழுக்கும். அரைமணிக்குள் வயிற்றுவலி, படபடப்பு, வியர்வை, பேதி தோன்றலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவே இத்தகையோருக்குப் பகையாவது வருந்தத்தக்கதுதான்!

இரைப்பையைக் குழாய்போற் குறுக்கிக்கொண்டவர்க்கோ மலச்சிக்கலே பெரும்பாலும் தொல்லை. உணவும் நீரும் குறைகின்றன. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். தறியில் அமர்ந்தால் எழாத நம் வழக்கம் வேறு! நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல், மிடறு மிடறாக நீர் பருகவேண்டும். உணவுடன் பருகலாகாது, உண்டு அரைமணி கழித்தே பருகுக. மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யற்க. முதுகுவலிக்கெனக் கடையில் வாங்கி விழுங்கும் வலிமாத்திரை, மாற்றுவழி அறுவையில் குடலை இணைத்த இடத்தைப் புண்ணாக்கக்கூடும். இரும்புச்சத்தாலும் மலம் கறுக்கும் என்பது உண்மையே. ஆயினும் தார்போற் பிசுபிசுத்து நாற்றமெடுப்பின், அது குருதிக் கசிவாயிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்க.