‘சமச்சீர்’ என்னும் கலைச்சொல்: முகவரிமாற்றத் துறையிலிருந்து ஒரு சான்று

கலைச்சொல்லாக்கத்தில் மூலச்சொல்லின் உருவத்தைத் தமிழில் தருவதா, அது குறிக்கும் செயலைத் தருவதா என்பது பழைய வினா. இணையத் துறையின் ஒரு சொல் இதற்கு நல்ல சான்றாகிறது.

இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பில் முகவரி 32 இருமங்களால் ஆனது. ஆதலின் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே அமையும். இப்பற்றாக்குறைக்குத் தீர்வாக 1994இல் ஈகவாங், பிரான்சிஸ் இருவரும் ஒரு முறையை வெளியிட்டனர். அதன் இன்றைய வழக்கில், வீட்டுக் கருவிகள் உள்முகவரிகளைக் கொள்ளும். வெளிச்செல்லும் பொதியில் அதனை நீக்கி, வழிச்செலுத்தி தன் பொதுமுகவரியையும் ஒரு வாயில் எண்ணையும் இடும். ஆங்கிலம் இச்செயலை மொழிபெயர்ப்புக்குரிய சொல்லாலேயே சுட்டுகிறது. ஆயின் இங்கு எதுவும் பெயர்வதில்லை. ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருகிறது. எனவே ‘முகவரிமாற்றம்’ என்பதே தகும். (மலையாளத்திலும் தமிழிலும் வழங்கும் ‘மேல்விலாசம்’ பொதுமுகவரிக்கு எவ்வளவு பொருத்தம்!)

நெய்யாற்றின்கரை வட்டத்து அமரவிளையில் ஒருவரும், 1956இல் வகுக்கப்பட்ட மாநில எல்லைக்கு இப்பால் களியக்காவிளையில் அவர் உறவினரும் இடையாள் இன்றிக் கணினிவழிப் பேச விரும்புவதாகக் கொள்வோம். இருவர் கருவிகளும் உள்முகவரியுடையன. அழையாது வரும் பொதியை வழிச்செலுத்தி ஏற்காது. ஆதலின் இருவரும் முதற்கண் ஒரு பொது வழங்கியை அணுகித் தத்தம் வெளிமுகவரியையும் வாயில் எண்ணையும் அறிந்து பரிமாறிக்கொள்வர். பின்னர் ஒரே வேளையில் ஒருவருக்கொருவர் பொதி அனுப்புவர். தாம் அனுப்பிய பொதியே மற்றவர் பொதி நுழைய வழிசெய்யும். இதனைத் ‘துளையிடல்’ என்பர். உண்மையில் துளை ஏதுமில்லை, வழிச்செலுத்தியின் பதிவேட்டில் ஒரு வரி ஏறுகிறது, அவ்வளவே.

2003இல் வெளிவந்த ‘ஸ்டன்’ வரையறை முகவரிமாற்றத்தை நான்காகப் பகுத்தது: மூன்று ‘கூம்பு’ வகைகள், ஒரு ‘சிமெட்ரிக்’ வகை. இறுதியதைச் ‘சமச்சீர்’ என்று தமிழாக்குவது எளிது. சமச்சீர்க் கல்வியால் அச்சொல் தமிழ்நாட்டில் நன்மைப்பொருளும் பெற்றுவிட்டது. அனைவரையும் ஒன்றாக நடத்தும் வகை இது என்றே படிப்பவர் கொள்வர். நிகழ்வதோ நேர்மாறு. இவ்வகை ஒவ்வோர் இலக்குக்கும் வேறுவேறு வாயில் எண்ணை ஒதுக்கும். வழங்கி கண்ட எண் உறவினருக்குச் செல்லாது. துளையிடல் பெரும்பாலும் பயனற்றுப்போக, பேச்சு முழுவதும் இடைநின்ற அஞ்சல்வழங்கி வழியே செல்ல நேரும்.

ஆங்கிலத்திலும் இப்பெயர்கள் குழப்பம் விளைத்தன. 2007இன் வரையறை அவற்றைக் கைவிட்டு, ஒதுக்கீடு இலக்கைச் சார்ந்ததா, சாராததா என்று செயலையே பெயராக்கியது. தமிழில் ‘இலக்குசார் ஒதுக்கீடு’, ‘இலக்குசாரா ஒதுக்கீடு’ எனலாம். பழைய பெயர் கருவிக் கையேடுகளில் இன்றும் வழங்குவதால், மொழிபெயர்ப்பாளர் ‘இலக்குசார் ஒதுக்கீடு’ என எழுதி, முதன்முறை மட்டும் ‘சிமெட்ரிக்’ என்பதை அடைப்புக்குறிக்குள் ஒலிபெயர்த்துக் காட்டுதல் போதும்.