கரும்புக்கு விலை உண்டு, வெட்டும் கைக்கு?



நிலத்தில் தேங்கிக் கிடக்கும் உழைப்பை விடுவிக்கத் தொழில்மயமே வழி என்று, சிறு நில உடைமைகள் பற்றி 1918இல் எழுதிய கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் வாதிட்டார். வேளாண் சார்ந்த தொழில்கள் அந்த விடுதலையைத் தந்தனவா? சர்க்கரை ஆலையை வைத்து இதைப் பார்ப்போம்.

1932இல் இறக்குமதிச் சர்க்கரைமீது காப்பு வரி வந்த பிறகு இந்தியாவில் ஆலைகள் பெருகின. பின்னர் மகாராஷ்டிரத்தின் பிரவராநகரில் விவசாயிகளே கூட்டுறவு ஆலை கண்டார்கள். முதலாளிக்கு மாற்றான பெரிய முயற்சிதான் அது. ஆனால் கரும்பு விளைவிப்பவரே அங்கே பங்குதாரர். நிலம் மறுக்கப்பட்ட நம் மக்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

சட்டமும் அந்த வாசலோடு நின்றது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒன்றிய அரசு கரும்புக்கு விலை நிர்ணயிக்கிறது. ஆலை 14 நாளில் பணம் தரவேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. இதையும் மதிக்காத ஆலைகள் உண்டு. நிலுவை கேட்டு விவசாயிகள் தெருவுக்கு வருவது நியாயமே. ஆனால் வெட்டுக்கூலி அந்த விலைக்குள்ளிருந்துதான் வரவேண்டும். ஆலை விவசாயியை நெருக்கினால், அந்த நெருக்கடி மேஸ்திரி வழியாகக் கூலியாள்மேல் இறங்குகிறது. அவருக்கு 14 நாளும் இல்லை, வட்டியும் இல்லை.

வெட்டிய கரும்பு காயக் காயச் சர்க்கரைச் சத்து குறையும். ஆகவே வண்டி நள்ளிரவில் வந்தாலும் கட்டு ஏற்றியாக வேண்டும். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து வெட்டுக்குப் போகும் குடும்பங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கொய்தா', அதாவது ஓர் அரிவாள் என்றே கணக்கு. முன்பணக் கடன் இருவர் தலையிலும். ஒரு நாள் ஓய்ந்தால் தண்டம். அங்கே இளம்பெண்கள் பலர் கருப்பையை அகற்றிக்கொண்ட செய்தி 2019இல் வெளியாகி, மாநில அரசே விசாரணைக் குழு அமைத்தது. நம் விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து வயல்களிலும் முன்பணம், மேஸ்திரி, டன் கணக்குக் கூலி எல்லாம் நாம் அறிந்தவையே.

இப்போது வெட்டும் எந்திரம் வருகிறது. முதுகொடிக்கும் வேலை ஒழிவதை நாம் எதிர்க்கவில்லை. எந்திரம் வாங்க மானியம் தரும் அரசு, வேலை இழப்பவருக்கு என்ன தரும் என்று கேட்கிறோம்.

நம் கோரிக்கைகள் எளியவை. கரும்பு விலையோடு வெட்டுக்கூலியையும் தனியே அறிவிக்க வேண்டும். வெட்டுபவரை ஆலையின் தொழிலாளராகப் பதிவு செய்ய வேண்டும். பெண்ணின் கூலி பெண்ணின் கணக்கில் சேரவேண்டும். அதுவரை ஆலை வளர்ந்ததை ஊர் வளர்ந்ததாக நாம் ஏற்க முடியாது. சேரியும் ஊரில்தான் இருக்கிறது.